விவாகப் பதிவேடுகளின் வரலாறும் அவற்றைத் தேடும் நெறியும்

மக்கள் வாழ்வில் நிகழும் சடங்குகள் பலவற்றுள்ளும் விவாகம் ஒன்றே இரண்டு குடும்பங்களை ஒருங்கே பிணிப்பதும், பின்வரும் சந்ததியாரின் உரிமைகளுக்கு வித்தாக நிற்பதும் ஆகும். அங்ஙனமிருந்தும் நம்மவருள் நிலத்தின் பட்டாவையும், கடன் பத்திரத்தையும், வீட்டு வரி ரசீதையும் பெட்டியில் வைத்துப் பூட்டிப் போற்றுவார் பலர்; தம் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் எவ்வூரில் எந்த வருஷத்தில் விவாகம் நடந்தது என்று வினவினால் விடை கூறுவார் மிகச் சிலர். முதியோர் ஒருவர் உயிரோடிருக்குமளவும் இக்குறை புலப்படுவதில்லை. அவர் மறைந்த பின்னர், வாரிசுரிமை பற்றியோ குடும்ப பென்ஷன் பற்றியோ ஒரு வழக்கு எழுமாயின், அப்பொழுதுதான் நாம் ஏடுகளைத் தேடி அலைகின்றோம்.

விவாகத்தை எழுதிவைக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, அவ்வேடுகள் இன்று எவ்வெவ்விடங்களில் உள்ளன, அவற்றை முறைப்படி கேட்டுப் பெறுவது எங்ஙனம் என்பவற்றை நம் சங்கத்து அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அறியுமாறு சுருங்க எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூர்வகாலத்து நிலை

பண்டைத் தமிழ்நாட்டில் விவாகத்திற்குச் சாட்சியாக நின்றது ஏடன்று. ஊரே சாட்சியாக நின்றது. மாந்தரிடையே பொய்யுரையும் ஒழுக்கத் தவறும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் கரணம் என்னும் விவாகச் சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியத்துக் கற்பியல் தெரிவிக்கும் செய்தியாகும். கைப்பிடித்த பெண்ணை ‘யான் அறியேன்’ என்று பின்னாளில் ஒருவன் கூறாவண்ணம் பலரறியச் செய்வதே அச்சடங்கின் கருத்து. இக்காலத்து சர்க்கார் பதிவேட்டிற்கும் இதுவே கருத்து என்பதை நாம் மறத்தலாகாது. அன்று பலர் கண்ணும் செவியும் செய்த வேலையை இன்று காகிதமும் மையும் செய்கின்றன.

கல்லிலும் விவாகச் செய்தி உண்டு. வேலூருக்கு அணித்தாயுள்ள விரிஞ்சிபுரத்து ஆலயத்தில், விஜயநகர வேந்தன் தேவராயன் காலத்தில், 1425ஆம் வருஷத்தையொட்டி வெட்டப்பெற்ற சாசனம் ஒன்றுளது. படைவீட்டு இராஜ்ஜியத்துப் பிராமணர் பலரும் ஒன்றுகூடி, இனித் தம்முள் விவாகம் கன்னிகாதானமாகவே நடத்தல் வேண்டும் என்றும், பெண்ணுக்காகப் பொன் கொடுப்போரும் பொன் வாங்குவோரும் இராஜ தண்டனைக்கு உட்படுவதோடு தம் கூட்டத்தினின்றும் விலக்கப்படுவர் என்றும் செய்துகொண்ட உடன்பாடே அச்சாசனத்தின் பொருள். இது தனி ஒருவரது விவாகத்தின் பதிவன்று. ஆயினும் விவாக விஷயத்தில் ஒரு சமூகத்தார் தாமே விதி வகுத்து, அதனைப் பொது இடத்தில் எல்லோரும் காண எழுதிவைத்தனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தனித்தனி விவாகங்களை எழுதிவைக்கும் முறையும் சில சமூகங்களில் இருந்துவந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் ஒன்பது கோயில்களுள் தாம் சேர்ந்த கோயிலினின்றும் விவாகத்திற்கு மாலை பெறுவதும், விவாகமானவரைப் புள்ளி என்று கணக்கில் ஏற்றுவதும், மணவீட்டார் இருவரும் இசைகுடிமானம் என்னும் ஓலை எழுதிக்கொள்வதும் பலரும் அறிந்தவை. ஏனைய குடும்பங்களில் மொய் ஏடே விவாகத்தின் ஆவணமாயிற்று. மணமக்கள் பெயர், நாள், இடம், வந்திருந்தோர் ஊரும் பெயரும், அவர் எழுதிய தொகை யாவும் ஒருங்கே அடங்கிய ஏடு அதனினும் வேறில்லை. கொடுத்த மொய்யைத் திருப்பிச் செய்தற்பொருட்டு எழுதப்பட்ட அக்கணக்கு, இன்று ஒரு குடும்பத்தின் சரித்திரமாக விளங்குகின்றது.

ஐரோப்பியர் கொணர்ந்த பதிவேடு

மேனாட்டில் கோயிற்பற்றுத் தோறும் விவாகப் புத்தகம் வைக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் 1538ஆம் வருஷத்தில் தாமஸ் கிராம்வெல் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்குமாறு ஆணை பிறப்பித்தார். கத்தோலிக்க சபையார் டிரெண்ட் மகாசபையில் 1563ஆம் வருஷத்தில், விவாகம் பங்குக் குருவின் முன்னிலையில் சாட்சிகளோடு நடந்து ஏட்டில் எழுதப்படல் வேண்டும் என விதித்தனர். இவ்வழக்கமே கிறிஸ்தவ ஆலயங்களின் வாயிலாக நம் நாட்டிற்கும் வந்தது.

சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி ஆலயம் 1680ஆம் வருஷம் அக்டோபர் 28ஆம் தேதி பிரதிஷ்டை செய்யப்பெற்றது. ஒரு வாரத்திற்குள், நவம்பர் 4ஆம் தேதி, பிற்காலத்தில் சென்னைக்குக் கவர்னராக விளங்கிய எலிஹு யேலின் விவாகம் அங்கு நடைபெற்றது. அவ்வாலயத்தின் பதிவேட்டில் காணும் முதல் விவாகம் அதுவே. ராபர்ட் கிளைவின் விவாகமும் 1753ஆம் வருஷத்தில் அங்கேயே நிகழ்ந்து பதியப்பெற்றது. சென்னை இராஜதானியிலிருந்து 1698 முதற்கொண்டு இத்தகைய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டுவந்தமையால், மூல ஏடு சிதைந்தவிடத்தும் அந்நகல்களை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் காணலாம். ஒரே செய்தியை இரண்டு இடங்களில் வைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களில் முறை வேறு. பிரான்ஸ் தேசத்தில் 1792ஆம் வருஷத்துக்குப் பின் பிறப்பு, விவாகம், இறப்பு மூன்றையும் குருமாரிடமிருந்து வாங்கி நகரசபையிடம் ஒப்புவித்தனர். அம்முறையை 1880ஆம் வருஷத்து ஆணையொன்றால் இங்கிருந்த குடிகளுக்கும் விரித்தனர். ஆதலின் புதுச்சேரியில் விவாகப் பதிவைத் தேடுவோர் நகராட்சிக் காரியாலயத்திற்கே செல்லுதல் வேண்டும். தமிழ்நாட்டிலோ சார்பதிவாளர் கச்சேரிக்குச் செல்லுதல் வேண்டும். ஒருநாள் பிரயாணத்திற்குட்பட்ட இரண்டு ஊர்களில் பதிவு முறை இவ்வாறு வேறுபடுவதற்குக் காரணம் பழைய ஆட்சி வேற்றுமையே.

இராஜதானிக் காலத்துச் சட்டங்கள்

பிரிட்டிஷ் அரசாங்கத்தார் விவாக விஷயத்தில் ஒவ்வொரு சமயத்தாருக்கும் வெவ்வேறு ஏற்பாடு செய்தனர். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் கிறிஸ்தவ விவாகங்களைக் குறித்த படிவத்தில் எழுதி, நகலைப் பதிவாளர் நாயகத்திற்கு அனுப்புமாறு விதித்தது. அவ்வருஷத்திலேயே பிறந்த விசேஷ விவாகச் சட்டம் பிரம்ம சமாஜத்தார் முயற்சியின் பயன். அதன்படி மணப்போர் தாம் இந்து, முகம்மதியர், கிறிஸ்தவர் முதலிய எச்சமயத்தையும் சாராதவர் என்று கூறுதல் வேண்டியிருந்தது. 1923ஆம் வருஷத்துத் திருத்தத்தின் பின்னரே இந்து, பௌத்த, சீக்கிய, ஜைன சமயத்தார் தம் சமயத்தை மறுக்காமலே அச்சட்டத்தின்கீழ் மணந்துகொள்ள இயன்றது. 1880ஆம் வருஷத்துக் காஜிகள் சட்டம் சர்க்கார் காஜிகளை நியமிக்க வழி செய்தது. பள்ளிவாசல் ஜமாஅத்துகள் நிக்காஹ் தப்தர்களை எழுதிப் பாதுகாத்துவருகின்றன. 1886ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்பு விவாகப் பதிவுச் சட்டம் இத்தகைய பதிவு நகல்கள் சிலவற்றை மாகாணத் தலைநகரில் தொகுத்து அட்டவணை செய்ய வகை செய்தது.

மலையாள ஜில்லாவில் சம்பந்தம் என்னும் விவாகத்திற்குச் சட்டப்படி மதிப்பில்லாதிருந்த குறையை நீக்க ஸர் சி. சங்கரன் நாயர் பெரிதும் முயன்றார். அதன் பயனாக 1896ஆம் வருஷத்தில் மலபார் விவாகச் சட்டம் பிறந்தது. ஆயினும் மனமிருந்தால் பதியலாம் என்று விடப்பட்டமையால் அதனைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே. மனம்போல் விடப்பட்ட பதிவு எங்கும் மெலிந்தே நிற்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இந்துக்களிற் பெரும்பாலோரின் விவாகங்களோ எந்த சர்க்கார் ஏட்டிலும் ஏறவில்லை. இவ்விடத்தில் நம் அன்பர் பலருக்கும் உள்ள ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியமாகின்றது. கிராம முன்சீப்பிடம் இருந்த பழைய கணக்கில் விவாகமும் எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணித் தாலுகா கச்சேரிக்கு அலைவோர் உளர். 1899ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தின்படி கிராமங்களில் எழுதப்பட்டவை பிறப்பும் இறப்புமே; விவாகம் அவற்றுள் இல்லை. இல்லாத ஏட்டைத் தேடிக் காலமும் பொருளும் கழிப்பதினும் இதனை முதலிலேயே அறிந்துகொள்வது நன்று.

பதிவின்மையால் விளைந்த இடர்கள்

பதிவில்லாமையால் நம்மவர் அடைந்த துன்பத்திற்குக் கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி சான்றாகும். சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 1860ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் தமிழர் பலர் அங்கே குடும்பமாய் வாழ்ந்தனர். 1913ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கேப் மாகாணத்து உயர்தர நீதிமன்றத்தில் நீதிபதி ஸெர்ல், பலதாரத்தை அனுமதிக்கும் சமயச் சடங்கின்படி நடந்த விவாகங்கள் அந்நாட்டுச் சட்டத்தில் விவாகமாகா என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். பல்லாண்டு இல்லறம் நடத்திய பெண்மணிகள் ஒரே நாளில் மனைவியர் என்னும் நிலையை இழக்கவும், அவர்தம் மக்கள் வாரிசுரிமையை இழக்கவும் நேருமோ என்று இந்தியர் அனைவரும் கலங்கினர். காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்மக்கள் திரளாகச் சேர்ந்து சிறை புகுந்ததற்கு இத்தீர்ப்பு ஒரு முக்கிய காரணம். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாளில், 1914ஆம் வருஷம் பிப்ரவரி 22ஆம் தேதி உயிர் நீத்தார். அவ்வருஷத்திலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்து, ஒருதார விவாகங்களுக்கு அங்கீகாரமும், அவற்றைப் பதிவதற்கு வழியும் உண்டாயின.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு நினைவிற்குரியது. புரோகிதரும் வைதிகச் சடங்கும் இன்றி, மாலை மாற்றி, பெரியோர் முன்னிலையில் உறுதிமொழி கூறி நடந்த சுயமரியாதை விவாகங்கள் 1920ஆம் வருஷங்களின் பிற்பகுதி முதல் தமிழ்நாட்டில் பெருகின. அவ்வாறு 1934ஆம் வருஷத்தில் நடந்த ஒரு விவாகம் வழக்கிற்கு வந்தபோது, சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை என்னும் காரணத்தால் அது சட்டப்படி செல்லாது என 1953ஆம் வருஷத்தில் சென்னை ஹைகோர்ட்டார் முடிவு செய்தனர். பலரறிய நடந்த விவாகம், மறுப்பாரும் இல்லை, ஆயினும் சட்டத்தின் கண்ணில் அஃது விவாகமாகவில்லை. அத்தகைய குடும்பங்கள் பல இதனால் கவலையுற்றன. 1967ஆம் வருஷத்தில் அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை கொணர்ந்த திருத்தம் 1968ஆம் வருஷம் ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, அவ்வகை விவாகங்களை, முன்னர் நடந்தவை உட்பட, செல்லத்தக்கனவாகச் செய்தது.

சுதந்திரத்திற்குப் பின்

1954ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 1955ஆம் வருஷம் மே 18ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்து விவாகச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இந்து விவாகங்களுக்குப் பதிவேடு ஏற்படுத்தியது. அவ்வேடு தக்க நேரங்களில் பார்வைக்குத் திறந்திருக்கும், சாட்சியமாக ஏற்கப்படும், கட்டணம் செலுத்தினால் சான்றிட்ட நகல் தரப்படும் என்று அப்பிரிவு கூறுகின்றது. பதியாமையால் விவாகம் செல்லாமற்போகாது என்றும் அதுவே கூறுகின்றது.

2006ஆம் வருஷம் பிப்ரவரி 14ஆம் தேதி, சீமா என்பாரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், எல்லாச் சமயத்தாரின் விவாகங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுமாறு இராஜ்ஜிய சர்க்கார்களுக்குக் கட்டளையிட்டனர். குழந்தை விவாகத்தைத் தடுக்கவும், முதல் மனைவி இருக்க மறுவிவாகம் செய்வதைத் தடுக்கவும், விதவையரின் உரிமையைக் காக்கவும் பதிவு உதவும் என்பது அதன் கருத்து. அதனை அனுசரித்துத் தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷத்து விவாகப் பதிவுச் சட்டம் அவ்வருஷம் நவம்பர் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. விவாகமான 90 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். தவறின் அதிகக் கட்டணத்தோடு மேலும் 60 நாட்களுக்குள் பதியலாம். வேறு சட்டத்தின்கீழ்ப் பதிந்தோரும் சடங்கு நடத்தாமல் பதிவு மட்டும் செய்துகொண்டால் போதும் என்று எண்ணலாகாது. இந்து விவாகச் சட்டத்தின்படி சடங்கே விவாகம். பதிவு அதற்குச் சான்று. இதனைச் சுப்ரீம் கோர்ட்டார் 2024ஆம் வருஷத்திலும் வற்புறுத்தினர்.

தேடும் நெறி

இனித் தேடும் முறையைக் கூறுவோம். முதற்படி வீட்டிலேயே உள்ளது. விவாகம் நடந்த நாள், இடம், இருவர் தந்தையர் பெயர், ஊர் ஆகியவற்றை முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்க. விவாகப் பத்திரிகை, மொய் ஏடு, ஆலயத்தில் நடந்ததாயின் அதன் ரசீது, மண்டப ரசீது, புகைப்படத்தின் பின்புறத்துக் குறிப்பு ஆகியவற்றைத் திரட்டுக. இவையின்றிக் கச்சேரிக்குச் சென்றால், ஏடு இருந்தும் பக்கம் அகப்படாது.

இரண்டாவதாக, 1955க்குப் பிற்பட்ட விவாகமாயின் சார்பதிவாளர் கச்சேரியில் மனுச் செய்க. தற்காலத்தில் பதிவுத் துறையின் இணையவழியாகவும் சான்றிட்ட நகல் கேட்கலாம். பெண் வீட்டார் ஊர், பிள்ளை வீட்டார் ஊர், விவாகம் நடந்த ஊர் ஆகிய மூன்றிற்கும் உரிய கச்சேரிகளை மனத்திற் கொள்க. ஒரு கிராமம் இன்று சேர்ந்துள்ள கச்சேரியிலேயே அன்றும் சேர்ந்திருந்தது என்று கொள்ளலாகாது. இராமநாதபுரம் ஜில்லா 1985ஆம் வருஷத்தில் மூன்றாகவும், திருநெல்வேலி ஜில்லா 1986ஆம் வருஷத்தில் இரண்டாகவும் பிரிந்தன. கன்னியாகுமரி 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்ஜியத்தைச் சேர்ந்திருந்தது. எல்லை மாறியதை அறியாதவர் ‘பதிவில்லை’ என்னும் விடையோடு திரும்புவர்.

மூன்றாவதாக, விவாகப் பதிவே இல்லாத பழங்காலத்திற்குச் சொத்துப் பத்திரங்களே துணை. நம் நாட்டில் 1864 முதல் பத்திரப் பதிவு நடந்துவருகின்றது. பெண்ணுக்குத் தந்தை எழுதிய தானபத்திரம், கணவன் மனைவிக்கு எழுதிய செட்டில்மென்டு, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றில் ‘இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி’ என்று உறவு விளங்க எழுதப்பட்டிருக்கும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி ஸ்தாவர சொத்துக்குரிய 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். உயிலுக்குரிய 3ஆம் புத்தகம் அங்ஙனமன்று. எழுதியவர் மறைந்த பின்னரே பிறர் நகல் பெறுவர்.

நான்காவதாக, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் குறிப்பிடுதல் வேண்டும். 1909ஆம் வருஷத்தில் எழுந்த அக்கட்டிடம் முன்னர் மதராஸ் ரிகார்டு ஆபீஸ் என வழங்கியது. கும்பினியாரின் ஆலோசனைக் குறிப்புகள், சர்க்கார் உத்தரவுகள், ஜில்லா ஆவணங்கள் முதலியன அங்குள்ளன. ஒவ்வொரு குடும்பத்தின் விவாகப் பதிவையும் அங்குக் காணலாம் என்று எதிர்பார்த்தல் தவறு. எந்த வருஷத்தில் எந்தச் சட்டம் இருந்தது, எந்தக் கிராமம் எந்த ஜில்லாவில் இருந்தது என்பவற்றை அறிதற்கே அது பெரிதும் பயன்படும். கடல் கடந்து சென்றோரின் குடும்பத்தார், கப்பல் பட்டியல்களையும் சென்ற நாட்டின் ஆவணக் காப்பகத்தையும் தேடுதல் நலம்; நேட்டால் சென்றோர்க்கு டர்பன் நகரத்துக் காப்பகம் அத்தகையது.

எந்த ஏடும் அகப்படாதவிடத்தும் சோர்வுற வேண்டுவதில்லை. ஓர் ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியராய் ஊரறிய வாழ்ந்தனராயின், அவர் விவாகமானவர் என்றே நீதிமன்றத்தார் ஊகிப்பர். மறுப்பவரே அதனைப் பொய்ப்பிக்க வேண்டும். முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்தினின்றும் வருமாயின் அதற்குத் தனி மதிப்புண்டு. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்த இந்நெறி, 2024ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கின்றது. ஆகவே பழைய மொய் ஏட்டைப் பழங்காகிதக்காரனுக்கு நிறுத்துப் போடுதல் சிறிதும் தகாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டுவன

நம் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளிகளில் ஆண்மக்கள் பெயரே தொடர்ந்து வருகின்றது. பெண்மக்கள் எங்குப் பிறந்தனர், எங்குப் புகுந்தனர் என்பது எழுதப்படுவதில்லை. பிறந்தகத்தையும் புக்ககத்தையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டுவது விவாகப் பதிவு ஒன்றே. கணவனை இழந்த பெண்ணொருத்தி தன் உரிமையைக் கேட்கும்போது அவளுக்குத் துணையாய் நிற்பதும் அவ்வரியே.

ஒன்று மட்டும் அழுத்திக் கூறுகின்றோம். பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு உரியது என்பதால் அது பிறர் வாழ்வில் தலையிடுதற்கு உரியதாகிவிடாது. விசேஷ விவாகச் சட்டத்தின்கீழ்க் கொடுக்கப்படும் முன்னறிவிப்பு 30 நாள் வெளியிடப்படுகின்றது. அதனைப் பார்த்து, மனமொத்து மணக்க விழையும் இளைஞரைத் துன்புறுத்துவோர் உளர் என்று கேள்வியுறுகின்றோம். வாழ்க்கைத் துணை உயிரோடிருத்தல், புத்தி மாறாட்டம், வயது நிரம்பாமை, விலக்கப்பட்ட உறவு என்னும் இவையே அச்சட்டம் கூறும் தடைகள். சாதி வேற்றுமை அவற்றுள் ஒன்றன்று. சங்கத்தின் பெயரால் அத்தகைய ஏட்டைப் புரட்டுதல் சட்டத்திற்கும் மானத்திற்கும் பொருந்தாது. உயிரோடிருப்போரின் விவரங்களை அவர் சம்மதமின்றி அச்சிடுதலும் கூடாது.

ஆகலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதத்திலேயே தம் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, அவர்தம் விவாகத்தின் நாள், ஊர், சாட்சிகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, இரண்டு பிரதிகள் செய்து, ஒன்றை மகன் வீட்டிலும் மற்றொன்றை மகள் வீட்டிலும் வைப்பாராக. புதிதாக மணம் செய்விப்போர் பந்தல் பிரிக்கும் முன்னரே சார்பதிவாளர் கச்சேரிக்குரிய மனுவை எழுதி வைப்பாராக. கட்டணம் சிறிது, அலைச்சல் ஒருநாள்; அதன் பயனோ பேரப்பிள்ளைகள் காலத்திற்கும் நிற்கும்.